டவுன்லோட்ஸில் இல்லாத ஃபைல்

கணவருக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழில். ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் ஒழுங்காகச் சரிசெய்து கொடுக்கும் அந்தப் புண்ணியவான், வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். நெட்டிலிருந்து யார் எதை இறக்கினாலும் அது வழக்கமான டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போகாது. அவருடைய ஃபோல்டருக்குள் போய் விழும். வீட்டுக்குள் என்ன வருகிறது என்று குடும்பத் தலைவருக்குத் தெரிய வேண்டாமா? மனைவியிடம் அவர் இதைச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்த்தவள். இத்தனை வருஷம் கழித்து வேறொரு பதிப்பகம், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லி, பரீட்சையாகச் சில பக்கங்களுக்கு லிங்க் அனுப்பியிருந்தது. மதியம் பன்னிரண்டுக்குள் திருத்தி அனுப்பினால் வேலை அவளுக்கு.

காலையிலேயே தலைவாரி, நல்லதாக உடுத்திக்கொண்டு, யாரோ நேரில் பார்க்கப்போவதுபோல உட்கார்ந்தாள். இறக்கினாள். டவுன்லோட்ஸைத் திறந்தாள். காலி. மறுபடி இறக்கினாள். அப்போதும் காலி. பாவி மனுஷி, வேறு வழி தெரியாமல் இறக்கிக்கொண்டே இருந்தாள்.

ஹாலில் கணவரும் கல்லூரிக்குப் போகும் மகளும் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன். ஃபைலைக் காணோம்."

"தேடு. வேலை பாக்கப் போறவளுக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா?"

மகள் சிரித்தாள். சின்னப் பெண், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற வயசு என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

வெட்கத்தை விட்டுப் பதிப்பகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "நீங்க நிறைய தடவை இறக்கிட்டீங்கன்னு இங்க காட்டுதே, மேடம்."

"இறக்கினேன்மா. எங்க போச்சுன்னுதான் தெரியல."

"எங்க வேலை முழுக்க கம்ப்யூட்டர்லதான், மேடம். வீட்ல யாரையாவது கேட்டுப் பாருங்க."

வீட்டில் ஆளுக்கா பஞ்சம்? மறுபடி ஹாலுக்குப் போய் நின்றாள். இந்த முறை கெஞ்சினாள். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்தப் படம் முடியட்டும்."

பன்னிரண்டு தாண்டித்தான் படம் முடிந்தது. சாவகாசமாக எழுந்து வந்து தன் ஃபோல்டரைத் திறந்தார். அவள் தேடிய ஃபைல் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைகட்டி நின்றது.

"எத்தனை குட்டி போட்டிருக்கு பாரு," என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். "உனக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்."

ஒரு காலைப் பொழுது, ஒரே ஒரு காலைப் பொழுது, தன்னையும் ஒரு ஆளாக நினைத்திருந்தாள். இவரிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மகளிடம் திரும்பினாள்.

"பாத்தியாடி உங்கப்பா பண்ணின வேலைய?"

மகள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அங்கதான் போகும்னு எனக்கு அப்பவே தெரியும். நீ இதுல உக்காந்துட்டா எங்களுக்கு யாரும்மா சமைச்சுப் போடுவா?"