இருபதடி இட்டேரி

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துறலாம் டெய்சி. அவரு மில்லு வெச்சிருக்கறவரு. நம்மகிட்ட என்ன இருக்குது?” என்றார் அந்தோணிராஜ்.

“ரெண்டு ஏக்கர் தென்னை இருக்குதுங்க,” என்றாள் மனைவி.

இருந்து என்ன பயன்? ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்குப் போக ஒரே வழி, இருபுறமும் வேலி ஓடும் அந்த இட்டேரிதான். அதே வழியில் பண்ணை வீடு வைத்திருக்கும் மில் முதலாளி சுந்தரராஜுலு அதற்குக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அது தன் பட்டா நிலமாம். தடம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லையாம். வண்டி போகாத தோப்பை அடிமாட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

கேஸ் போட்டு மூன்று வருடம். அவருக்குச் சென்னை வக்கீல். டெய்சிக்குப் பொள்ளாச்சி சண்முகப்ரியா, ஸ்கூட்டரில். இந்தக் கோர்ட்டில் தோற்றால் விற்றுவிடுவது என்று டெய்சி ஒப்புக்கொண்டிருந்தாள்.

குறுக்கு விசாரணை நாள். கூண்டில் நின்ற சுந்தரராஜுலுவிடம் சண்முகப்ரியா ஒரு தடித்த கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

“உங்க மகள் நவ்யா கல்யாணம் பண்ணை வீட்டுலதானுங்களே நடந்தது?”

“ஆமாங்க. ஊரே வந்துச்சு.”

“பத்திரிகைக்குப் பின்னாடி வர்ற வழி போட்டிருக்குதுங்க. கொஞ்சம் படிங்க.”

அவர் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை.

“நீங்களே படிங்கம்மா,” என்றார் நீதிபதி.

“‘ஊர்ப் பொது இட்டேரி வழியாக வரவும். அகலம் இருபதடி. எவ்வளவு பெரிய காரும் தாராளமாக வரும்.’”

பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

“அது... கோயமுத்தூர்ச் சொந்தக்காரங்க, வேலி முள்ளு காரைக் கீறிப்போடும்னு பயந்தாங்க. அதுக்காக...”

சென்னை வக்கீல் கேஸ் கட்டுக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார்.

பதினைந்து நாளில் தீர்ப்பு. பழைய சர்வே வரைபடமும் பத்திரிகையும் ஒத்துப்போகின்றன. ஒரு வாரத்தில் கேட்டை எடுக்க வேண்டும். டெய்சி கோர்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சும்மா உடமாட்டாருங்கக்கா. அப்பீல் போவாரு,” என்றாள் சண்முகப்ரியா.

“போகட்டுங்க வக்கீலம்மா. அங்கயும் அதே பத்திரிகைதானுங்களே?”

அந்தோணிராஜ் அதற்குள் தேங்காய் வியாபாரியிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். “திருமலைசாமி, அடுத்த வாரம் காய் போட ஆளோட வாங்க. ஆமாங்க, வண்டியும்தான்!”

போனை வைத்தவர் மனைவியின் பார்வையைக் கண்டார்.

“என்ன பாக்கற? உடக்கூடாதுன்னு நான் அப்பவே சொன்னனே.”

“நீங்களாங்க?” என்று கேட்டுவிட்டு, டெய்சி வாய்விட்டுச் சிரித்தாள்.