அடுப்படியில் முக்குளித்தவர்

நான் வெல்டா கில்லெட். 'லேடி ஓரலீ' படகில் பதினோரு வருடமாகச் சமையல். ஞாயிறு காலை தொடங்கி வெள்ளி வரை பதினான்கு விருந்தாளிகள் படகிலேயே தூங்கி, படகிலேயே தின்று, ஒரு நாளைக்கு ஐந்து முறை கடலுக்குள் குதிப்பார்கள். காசு கொடுத்து யாராவது இப்படி அல்லாடுவார்களா என்று முதல் வருடம் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை. அவர்கள் பசியோடு மேலே வருவதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

எல்லோரும் தண்ணீருக்குள் இருக்கும்போது ஏணியைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். பின்தளத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். யார் எப்போது இறங்கினார், எப்போது ஏறினார், எத்தனை அடி ஆழம் போனார், சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு காற்று எல்லாம் அதில் நான் எழுதுவேன். ஏறி வந்தவர் தன் பெயருக்கு நேராகத் தன் கையாலேயே கையெழுத்துப் போட வேண்டும். புருஷனுக்காக மனைவி போடக்கூடாது, மனைவிக்காகப் புருஷன் போடக்கூடாது. கேப்டன் ஹூபர்ட்டுக்கு அந்தப் பலகைதான் வேதம். முன்பு வேறொரு படகில் ஒரு பெண்ணைக் கடலிலேயே விட்டுவிட்டு இரண்டு மணி நேரத் தூரம் வந்துவிட்டார்கள். அந்தப் படகில் அவர் துணை மாலுமி. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். இவர்தான் இன்னும் தேறவில்லை.

அந்த வாரம் அயோவாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வெண்டல் ஹாஸ், டிராக்டர் விற்பவர், அறுபது வயது, கதவை அடைக்கிற உடம்பு. மனைவி கிரெட்சன், பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். கையில் பால்குடம் பருமனுக்கு ஒரு கேமரா. அவள் தண்ணீரில் இறங்கினால் மீன்களே ஒதுங்கி வழிவிடும். பின்னால் சோடியாக வெண்டல் போவார். கடலுக்குள் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும், ஒருவரை ஒருவர் கண்ணில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஞாயிற்றுக்கிழமை மணல் திட்டில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. திங்கட்கிழமைதான் கடலுக்கடியில் இருக்கும் செங்குத்துப் பாறைச் சுவருக்குப் போனோம். எல்லோரும் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஏணியில் ஒரு கை தெரிந்தது. வெண்டல். முகம் மைதா மாவு நிறத்தில் இருந்தது.

"என்ன மிஸ்டர் வெண்டல், எதையாவது மறந்துட்டீங்களா?"

"கீழ தரை இல்ல, மிஸ் வெல்டா."

"அது சுவரு. தரை மூவாயிரம் அடிக்குக் கீழ கிடக்கு."

"அதான் சொல்றேன். எங்க ஊரு ஏரியில நீட்டின கை தெரியாது. எவ்வளவு ஆழம்னே தெரியாம சந்தோஷமா முங்கினேன். இங்க எல்லாம் தெரியுதே."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இந்த மனிதர் ஆழம் தெரியாதவரைக்கும்தான் காலை விடுவார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டு, அவரை அடுப்படியில் உட்கார வைத்து இஞ்சி டீ கொடுத்தேன்.

"கிரெட்சன்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார். "பசங்க ரெண்டும் வீட்டை விட்டுப் போயாச்சு. நாங்க ஆளுக்கொரு நேரத்துல சாப்பிடுறோம். ஒரே ஒரு காரியமாவது சேர்ந்து செய்ய முடியுதான்னு பாக்கலாம்னு சொல்லித்தான் இங்க கூட்டிட்டு வந்தா. இந்த வாரம் பூரா அவகூட இறங்கலைன்னா அரிசோனாவுல அவ அக்கா வீட்டுக்குப் போயிடுவா. சும்மா மிரட்டுற ஆளில்ல அவ."

சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் வேண்டாம், கேப்டனிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் பேசிக்கொண்டே என் வெங்காயக் கூடையை இழுத்து, கேட்காமலேயே உரிக்க ஆரம்பித்தார். பண்ணையில் வளர்ந்த கை. பதினோரு வருடத்தில் இந்தப் படகில் ஒருவர்கூட எனக்கு ஒரு வெங்காயம் உரித்துக் கொடுத்ததில்லை. நான் விலைபோனேன்.

அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை எனக்கு. மணி அடித்ததும் வெண்டல் மனைவியோடு சேர்ந்து குதிப்பார். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு முழம் இறங்குவார். அவள் கேமராவோடு முன்னால் போனதும் ஏணி வழியாக என்னிடம் வந்துவிடுவார். சிலிண்டர் நிறைந்தே இருந்தால் வழிகாட்டி அல்ரிக் கண்டுபிடித்துவிடுவான் என்று காற்றைத் திறந்துவிட்டு அதிலேயே என் தட்டுகளை எல்லாம் காய வைப்பார். அந்த வாரம் போல என் பாத்திரங்கள் என்றைக்கும் பளபளத்ததில்லை. மற்றவர்கள் ஏறும் சத்தம் கேட்டதும் தலையில் ஒரு வாளித் தண்ணீர், பலகையில் ஒரு கையெழுத்து, முகத்தில் களைப்பு. அடி எத்தனை என்ற இடத்தில் மனைவியுடையதைப் பார்த்து அதையே நான் எழுதுவேன்.

ஆபத்தெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். கிரெட்சன் கதை சொல்வாள். "நாங்க ரெண்டு பேரும் ஒரு ஆமை பாத்தோம், அப்படியே பக்கத்துல வந்துச்சு, இல்ல வெண்டல்?" என்பாள். வெண்டல் தலையாட்டி, "பெருசு," என்பார். திருக்கை என்றாலும் பெருசு, சுறா என்றாலும் பெருசு. புதன்கிழமை அவள் விரல் நகம் அளவு கடல்குதிரை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாள். "பெருசு," என்றார் இவர். அல்ரிக் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். கிரெட்சன் கவனிக்கவே இல்லை. அடுத்த மீனுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு அவள்மேலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை அவர் சங்குச் சூப் வைக்கக் கற்றுக்கொண்டார். சங்குக்கறியைத் தட்டி மென்மையாக்கி, தேங்காய்ப்பால் ஊற்றி, வெண்டைக்காய் போட்டு, மாவு உருண்டைகளைத் தன் கையாலேயே உருட்டினார். ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெளியே காற்று திசை மாறியது. விருந்தாளிகள் சீக்கிரமே ஏறிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பலகையை எழுதினேன். பதிமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினான்காவது ஆள் சூப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தலையை நனைக்கவும் தோன்றவில்லை, தான் கடலில் இருக்க வேண்டிய ஆள் என்பதும் ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை, என் பங்குக்கு நான் வாழைக்காய் பொரிக்கப் போய்விட்டேன்.

காற்று வலுக்கும் முன் படகை இடம் மாற்ற வேண்டும் என்று கேப்டனே பலகை பார்க்க இறங்கி வந்தார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது பெயர்களை விரல் வைத்து இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் கீழ," என்றார் கேப்டன். குரல் தணிந்திருந்தது. "ஹாஸ்."

படகின் அபாயச் சங்கை ஊதினார்கள். ஏறி வந்த அல்ரிக் மறுபடி சிலிண்டரை முதுகில் மாட்டினான். கோகோ குடித்துக்கொண்டிருந்த கிரெட்சன் கோப்பையோடு எழுந்து நின்றாள்.

"அவரு முன்னாடியே ஏறியிருப்பாரு. எப்பவும் காத்து சீக்கிரம் தீந்துடும் அவருக்கு."

"பலகை அப்படிச் சொல்லல, மேடம்."

நான் வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் அடுப்படிக் கதவிடுக்கில் வெண்டல், கையில் அகப்பை, தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடுகிறது. நான் வாயை மூடினேன். வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற சில நொடிகளில் அதுவும் ஒன்று.

கேப்டன் அவள் முன்னால் வந்து நின்றார். "தேடணும்னா எங்கேருந்து தேடணும்னு தெரியணும். தண்ணிக்குள்ள அவரைக் கடைசியா எங்க பாத்தீங்க?"

"பின்னாடிதான் வந்தாரு. அந்தப் பெரிய பவளக்கொம்பு பக்கத்துல..." நிறுத்தினாள். "இல்ல, அங்க நான் திருக்கையைப் பாத்துட்டு இருந்தேன்."

"அதுக்கு முன்ன?"

"காலையில இறங்கினப்போ... இல்ல. நேத்து... நேத்தும் இல்ல." அவள் உதடு வெளுத்தது. "திங்கட்கிழமை," என்றாள்.

அல்ரிக் தண்ணீருக்கு மேல் ஒரு காலை நீட்டியபடியே திரும்பிப் பார்த்தான். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அல்ரிக், இறங்காத. அந்தாளு உள்ள இருக்காரு. நாலு நாளா என்கூடத்தான் இருக்காரு."

அதை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. வெண்டல் வெளியே வந்தார். என் பூப்போட்ட ஏப்ரன், புருவத்தில் மாவு, காய்ந்த தலை. யாரும் சிரிக்கவில்லை.

கிரெட்சன் கோப்பையை எறிவாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பெஞ்சில் பத்திரமாக வைத்தாள்.

"திங்கட்கிழமையிலேருந்தா?"

"ஆமா. சுவரைப் பாத்தேன். பயந்துட்டேன்."

"நாலு நாளு. ஒரு தடவைகூட நான் திரும்பிப் பாக்கலையா?"

வெண்டல் அகப்பையைப் பார்த்தார். "நீ ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தே," என்றார், அவளுக்காகச் சாக்குச் சொல்வது போல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன், வெங்காயம் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே உரித்தாகிவிட்டது.

கேப்டன் தீர்ப்புச் சொன்னார். வாரம் முடியும் வரை இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. ஒருவர் பலகையில் பொய்க் கையெழுத்துப் போட்டார், மற்றவர் சோடியைப் பார்க்கவில்லை. கேப்டனுக்கு இரண்டும் ஒரே குற்றம். "உன்கிட்ட கரையில பேசிக்கிறேன், வெல்டா," என்றார் என்னிடம். அன்று மூன்று கிண்ணம் சூப் குடித்தார், அதையும் என்னோடு பேசாமலே குடித்தார்.

மறுநாள் மற்றவர்கள் குதித்துப் போன பிறகு, புருஷனும் மனைவியும் பின்தளத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். செய்ய ஒன்றுமில்லை, எழுந்து போக இடமுமில்லை. நாலு பக்கமும் கடல். முதலில் அவள் தொடங்கினாள், பொய் சொன்னதற்கு. அவர் பதில் சொன்னார். பிறகு சண்டை அயோவாவுக்குப் போனது. விற்றுப்போன பியானோ, அவள் அம்மாவின் சாவுக்கு அவர் தாமதமாக வந்தது, அவர் காது வலிக்கு அவள் மருத்துவமனைக்கு வராதது எல்லாம் ஒவ்வொன்றாகத் தளத்துக்கு வந்தன. மேலே ஏறிய விருந்தாளிகள் ஈரத்தோடு மேல்தளத்துக்கு ஓடிவிட்டார்கள். நான் சன்னலை மூடவில்லை. மூட எனக்கென்ன பைத்தியமா?

மாலை நாலு மணிக்குக் கிரெட்சன் அடுப்படிக்கு வந்தாள். கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

"ரெண்டு தட்டு குடுங்க, மிஸ் வெல்டா. அங்கேயே கொண்டு போறேன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்போ அரிசோனா?" என்றேன்.

"அதையும் சொல்லிட்டாரா இந்த மனுஷன்?" வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள். "பேச வேண்டியதுல பாதிகூட இன்னும் முடியல. இப்படி நடுவுல விட்டுட்டு எப்படிப் போறது?"

தேங்காய்ப்பால் சோறும் கோழியும் இரண்டு தட்டிலும் நிறையவே வைத்துக் கொடுத்தேன்.