மூன்றாவது திருகு

காதுக்குப் பின்னால் இருந்த சிவப்புச் சாயம் போகவே இல்லை. எலியோதோரோ பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, சவப்பெட்டிக்குள் படுத்திருந்த மனைவியின் காதை மடக்கி மடக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மாமா, இருக்கட்டும்," என்றாள் யஸ்னா. "அது இல்லாட்டி அத்தைய யாருக்கும் அடையாளமே தெரியாது."

யஸ்னா ஊர்த் தீயணைப்புப் படையில் லெப்டினென்ட். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. சிலி நாட்டுச் சிலோயே தீவின் அந்த மூலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பாதை. வெட்டுக்காயத்து ரத்தம் அவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்காது. அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை, மீனவர், வாத்தியார், பேக்கரிக்காரி என்று வந்தவர்களுக்கெல்லாம் ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொடுப்பாள். அந்த வகுப்பில் அடிபட்டவளாகக் கிடப்பது எப்போதும் எலியோதோரோவின் மனைவி ஓத்திலியாதான். கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயத்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து, வெந்நீர்ப் பையில் அடைத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொள்வாள். அமுக்கினால் பீய்ச்சி அடிக்கும். அலறுவாள், திட்டுவாள், செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிடுவாள். கட்டுகிறவன் சொதப்பினால் நாக்கை நீட்டிச் செத்துவிடுவாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கொன்னுட்டியேடா பாவி!" என்பாள்.

அவளை நான்கு முறை கொன்ற பெருமை ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு. அது அவள் புருஷன்.

பாடம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. காயத்துக்கு மேலே பட்டையைக் கட்டி, அதில் இருக்கும் குச்சியைத் திருக வேண்டும். ரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். எலியோதோரோ இரண்டு திருகு திருகுவார். ஓத்திலியா "ஆ" என்பாள். உடனே கை தளர்ந்துவிடும்.

"வலிக்குதா கண்ணு?"

மொத்தக் கூடமும் சிரித்து உருளும். "முத்தம் குடுத்து வழியனுப்பிடுங்க!" என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள். அவருடைய ஐந்தாவது பரீட்சை இந்தச் சனிக்கிழமை நடந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில், அடுப்பருகே நாற்காலியில், குடித்து முடித்த மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையோடு அவள் சாய்ந்திருந்தாள். "எந்திரிடி, இன்னைக்கு சனிக்கிழமை இல்லை," என்று சொல்லிவிட்டு எலியோதோரோ கெட்டிலைத் திரும்ப அடுப்பில் வைத்தார். தண்ணீர் கொதித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அத்தனை தடவை ஊரைக் கூட்டிச் செத்தவள், உண்மையில் போகும்போது சத்தமே போடவில்லை. இதயம் நின்றது, யார் இருந்தும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். எலியோதோரோ தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். அவர் அதை நம்பவில்லை.

யஸ்னா பழைய பயிற்சிப் பட்டை ஒன்றை ஓத்திலியாவின் விரல்களில் ஜெபமாலையோடு சேர்த்துச் சுற்றி வைத்தாள். "நாங்க போய் சீருடை போட்டுக்கிட்டு வண்டியோட வர்றோம் மாமா. அத்தை தீயணைப்பு வண்டியிலதான் போகணும்."

பரீட்சையில் தேறிய பதினொரு பேரும் அவளோடு கிளம்பிப் போனார்கள். வீட்டில் உருளைக்கிழங்கு துருவும் பெண்களும், தேறாத ஒரே ஆளும் மிச்சம்.

சாவு வீட்டுக்கு வந்த அறுபது பேருக்கும் சூப் வைக்கக் கொல்லையில் இயந்திர ரம்பத்தால் விறகு அறுத்துக்கொண்டிருந்தான் ஓத்திலியாவின் தம்பி நிவால்தோ. ரம்பத்தின் இரைச்சல் சட்டென்று நின்றது. ஒரு பெண் வீறிட்டாள்.

எலியோதோரோ ஓடினார். நிவால்தோ விறகுக் குவியலில் சாய்ந்திருந்தான். தொடையிலிருந்து ரத்தம் துடித்துத் துடித்து அடித்தது, வெந்நீர்ப் பையிலிருந்து அடிப்பதைப் போலவே. ஆனால் இவன் கத்தவில்லை. அதுதான் எலியோதோரோவைப் பயமுறுத்தியது.

"ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிங்க! எடுக்கவே கூடாது!" என்று அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டு உள்ளே பாய்ந்தார். ஜெபமாலையைச் சிக்கெடுக்க நேரமில்லை. "குடு ஓத்திலியா, அவசரம்," என்று பட்டையை உருவினார்.

காயத்துக்கு மேலே கட்டினார். ஒரு திருகு. இரண்டு திருகு. ரத்தம் இன்னும் வந்தது. இப்போது நிவால்தோவுக்குக் குரல் திரும்பியது.

"மச்சான்! விடுய்யா! அக்கா போன துக்கத்துல என்னையும் கொல்லப் பாக்குறியா?"

"கத்துடா! நல்லா கத்து!"

"வலிக்குது மச்சான்!"

எலியோதோரோவின் கை ஒரு கணம் நின்றது.

"வலிக்கட்டும்," என்றார். மூன்றாவது முறை திருகினார்.

ரத்தம் நின்றது.

குச்சியைப் பூட்டினார். ஓத்திலியாவின் ஏப்ரனில் எப்போதும் கிடக்கும் மார்க்கர் பேனாவை எடுத்து வரச்சொல்லி, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, கட்டுப் போட்ட நேரத்தை நிவால்தோவின் நெற்றியில் எழுதினார்: 11.40. நிவால்தோ தன் குடும்பத்துக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் அவருக்குக் காணிக்கையாக்கினான். எலியோதோரோவுக்கு அவ்வளவு இனிமையான வசவை அன்றுவரை கேட்டதில்லை என்று தோன்றியது.

பூ ஜோடித்த தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்தபோது, அதில் ஏறியது ஓத்திலியா இல்லை. யஸ்னா கட்டைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைப் படித்தாள், எலியோதோரோவை ஒரு முறை பார்த்தாள். மாலைகளுக்கு நடுவே நிவால்தோவைப் படுக்கவைத்து, அபாயச் சங்கை ஊதிக்கொண்டு பறந்தார்கள். ஓத்திலியா வீட்டில் காத்திருந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள், ஆப்பிள் சாராயம் குடித்தார்கள், அவள் செத்துக் காட்டிய விதங்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மூன்று மணிக்கு வண்டி திரும்பியது. "கால் தப்பிச்சுது!" என்று ஓட்டுநர் ஜன்னல் வழியே கத்தினார். "ரம்பத்தை மன்னிச்சுட்டானாம், மச்சானை மன்னிக்க மாட்டானாம்!"

வாசல் முழுக்கக் கைதட்டியது. பெட்டியை மூடும் முன் எலியோதோரோ குனிந்து அவள் முகத்தையே பார்த்தார். ஒரு கண்ணையாவது திறக்கிறாளா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மூடச் சொன்னார்.

கல்லறையில் படையின் வழக்கப்படி யஸ்னா படையினரின் பேர்ப்பட்டியலை வாசித்தாள். செத்தவர் பேருக்கு மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள்.

"ஓத்திலியா கார்கமோ."

"உள்ளேன்!" என்று எல்லோரும் ஒரே குரலில் முழங்கினார்கள்.

யஸ்னா அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. அந்தப் பேருக்குக் கீழே, பேனாவால் புதிதாகச் சேர்த்திருந்ததை வாசித்தாள்.

"எலியோதோரோ மன்சீயா."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

"உள்ளேன்."

திரும்பி வரும் வழியில் யஸ்னா கைக்குட்டையை நீட்டினாள். "மாமா, உங்க காதுக்குப் பின்னால சிவப்பா இருக்கு. துடைச்சுக்குங்க."

எலியோதோரோ காது தெரியும்படி தொப்பியைச் சற்று மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்," என்றார்.