ஏற்றிக் கேட்ட ஏலம்

களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்தில் போய்ப் படிக்கிறவள் என்று கடற்புரத்தில் ஜின்சிக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால்தான் வம்பு. உலக நலவாழ்வின் அடிப்படைகள் என்பாள். உலகத்துக்கே வைத்தியம் பார்க்கப் போகிறாளாம் என்று சிரிப்பார்கள். அவளுக்கும் சிரிப்பு வரும். அந்தப் பாடம் அவள் தலைக்கேறியிருந்தது. குழாயடியில் ஒரு குடத்தைக் கண்டாலும் யோசனை ஜெனீவாவில் இருக்கிற உலக சுகாதார நிறுவனம் வரைக்கும் ஓடும்.

அந்தப் பாடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. சொந்த ஊரில் முப்பது ஆண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து வராவிட்டால் தேற முடியாது. கடலுக்குப் போகிறவனுக்கு என்ன பிரஷர் என்று ஆண்கள் நழுவினார்கள். பங்குக் கோயில் மைக்கில் அறிவித்தும் ஒருவரும் வரவில்லை. மறுநாள் கடைசி நாள்.

விடிந்ததும் கருவியைத் தூக்கிக்கொண்டு மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கே போய் ஸ்டூலைப் போட்டாள். ஏலம் விளிக்கிறவர் அவள் அப்பா மரியஜான். மகள் தனியே குந்தியிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சாளை மீனை விற்ற கையோடு, பக்கத்தில் நின்ற வள்ளக்காரப் பையன் லிஜினைப் பிடித்து அவள் முன்னால் உட்காரவைத்தார். கருவியை எட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில் கூவியும் விட்டார்.

"நூற்றி இருவது. இருவதுக்கு மேல உண்டா?"

ஒருவர் அளவை ஊருக்குச் சொல்லக்கூடாது என்பது ஜின்சி படித்த முதல் பாடம். துப்பட்டாவால் கருவியை மூடினாள். யார் விட்டார்கள்? வள்ளத்திலிருந்து இறங்கியவர்கள் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்டக் கையை நீட்டினார்கள். நூற்றி நாற்பது வந்தவனைத் தோளில் தூக்கினார்கள். எண் குறைந்துபோன யேசுதாசன் கரையில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து மறுபடி பார்க்கச் சொன்னான். ஏறினால் நல்லதில்லை என்று அவள் தொண்டை கிழியச் சொன்னது விசில் சத்தத்தில் மூழ்கியது. கடைசியில் அவளுக்கே வயிறு வலிக்கச் சிரிப்பு.

முப்பதாவது ஆளாக அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். நூற்றி எண்பத்திரண்டு. ஏலம் தனக்குத்தான் என்று அவர் எழுந்து கும்பிட, கரையே ஆடியது.

ஜின்சிக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவரை அமைதியாக உட்காரவைத்து, சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். எண் இறங்கவில்லை. பயத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது.

"அப்பா, இது இறக்கிக் கேக்குற ஏலமாக்கும். நீங்க தோத்துட்டீங்க."

மரியஜான் மகளின் முகத்தையே பார்த்தார். பிறகு மீதி மீனை விற்கும் பொறுப்பை யேசுதாசனிடம் விட்டுவிட்டு அவளோடு ஆட்டோவில் ஏறினார்.

"எவ்வளவுக்கு முடிக்கணும், மக்ளே?"

நூற்றி இருபதுக்கு என்றாள். அவர் தலையாட்டினார். புதுக்கடை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், உள்ளே காத்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி குரலெடுத்தார்.

"நூற்றி எம்பத்தி ரெண்டு. கீழ கேளுங்க மக்கா, கீழ கேளுங்க."