கொதிக்க வைத்தும் சாகாத புரதம்

நான்கு வருடங்களாக அந்த ஆராய்ச்சி மாணவி ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாக்டீரியாவுக்குள் அதைத் தயாரித்து, பிரித்து, சுத்தம் செய்து, ஒரு சொட்டை மனித ரத்த செல்களின் மேல் விட்டால், அவை அழற்சியைத் தூண்டும் வேறொரு புரதத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டின. பேராசிரியர் அவளுடைய புரதத்துக்கு ‘நம்ம பொக்கிஷம்’ என்று பெயர் வைத்தார். கட்டுரையும் எழுதி ஓர் ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. அது அச்சானால் அவளுக்குப் பட்டம். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

கட்டுரையை மதிப்பிட்ட முகம் தெரியாத புண்ணியவான் ஒரு வரி எழுதியிருந்தார்: புரதத்தைக் கொதிக்க வைத்தபின் செல்களில் விட்டுப் பார்த்தீர்களா?

“சும்மா ஒரு சடங்கும்மா. கொதிச்சா புரதம் செத்துடும், செல்லு வாயை மூடிக்கும். செஞ்சு அனுப்பிடு,” என்றார் பேராசிரியர்.

கொதிக்க வைத்தாள். செல்கள் வாயை மூடவில்லை. முன்பு கொட்டிய அதே அளவைக் குறைவில்லாமல் கொட்டின.

வரைபடத்தைப் பார்த்ததும் பேராசிரியரின் முகம் மலர்ந்தது. “கொதிக்க வெச்சும் சாகலையா! இது இன்னும் பெரிய கண்டுபிடிப்பும்மா!”

ஒரு முழு நாள் அவளும் அதை நம்பினாள். ஆசை வந்துவிட்டால் மனசுக்கு எவ்வளவு கொஞ்சம் ஆதாரம் போதுமாயிருக்கிறது!

ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அக்காதான் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தாள். “கொதிச்சாலும் சாகாதது ஒண்ணு இருக்குடி. எண்டோடாக்சின். பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கிற நஞ்சு. பஸ்ல டிக்கெட் எடுக்காம ஏறினவன் மாதிரி உன் பொக்கிஷத்தோடயே வந்திருக்கும். அளந்து பாத்தியா?”

“சார் வேணாம்னார்க்கா.”

“அவரே சொன்னாரா, இல்ல நீ கேக்கவே இல்லையா?”

கேட்கவில்லை. அதை அளக்கும் மருந்துப் பெட்டி இரண்டு வருடமாக, பிரிக்காமலே, குளிர்பெட்டியில் இருந்தது. தினமும் அதை ஒதுக்கிவிட்டுத்தான் தன் புரதத்தை எடுப்பாள். மறதி என்று இதுவரை தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். மறதிக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

அக்கா ஒரு மருந்து கொடுத்தாள். எண்டோடாக்சினை மட்டும் பிடித்துக் கட்டிப்போடும், புரதத்தைத் தொடாது. அதைத் தன் புரதத்தோடு கலந்து செல்களில் விட்டாள். மறுநாள் செல்கள் பரம சாதுவாக உட்கார்ந்திருந்தன. பொக்கிஷத்தை அவை சட்டையே செய்யவில்லை.

முடிவைக் காட்டியதும் பேராசிரியர் அறைக் கதவைச் சாத்தினார். “இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும் அக்காவுக்கும்.”

“ரெண்டே பேர்தானே!” அவருக்கு மூச்சு வந்தது. “அப்ப இதை விட்டுடு. கொதிக்க வெச்சதை மட்டும் அனுப்புவோம்.”

“அப்படின்னா என் பேரை எடுத்துடுங்க சார்.”

முதல் ஆசிரியரான அவள் பெயரே காணாமல் போன கட்டுரையைப் பார்த்தால் பத்திரிகைக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். நாற்காலியில் சரிந்தார்.

“உன் நாலு வருஷம் என்னம்மா ஆறது?”

“நாலு வருஷமா அழுக்கை அளந்திருக்கேன் சார். ரொம்பத் துல்லியமா.”

அவர் கணினியில் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தார். அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெறும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் தேடியதே இல்லை போலும். அவளே குனிந்து காட்டினாள்.