நிற்கிற மோட்டார் சைக்கிள்

நான் கடற்கரையில் பிறந்தவள், கடற்காரனைக் கட்டினவள், நாற்பத்துமூன்று வயதாகியும் நீந்தத் தெரியாதவள். பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போதுகூட யன்னல் கரையில் இருக்கமாட்டேன். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு றோட்டு. அப்படிப்பட்ட என்னைப் பிடித்துத்தான் கடவுள் மோட்டார் சைக்கிளில் ஏற்றினார்.

பட்டினத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் குசினியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். அல்லைப்பிட்டியிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் இல்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளை எடுப்போம் என்று சொல்லியும் விட்டார்கள். என் மனிசன் யாகப்புவின் வலையில் இப்போதெல்லாம் மீனைவிடப் பிளாஸ்ரிக் போத்தல்தான் கூட ஏறுகிறது. அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். லைசென்ஸ் இருந்தது, இரண்டாம் தரம்தான் பாஸ் பண்ணினேன். முதல் தரம் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதாகப் பழக்கின பெடியன் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். பொய்யில்லை.

யாகப்புவுக்குப் படகு ஓடத் தெரியும், மிதிசைக்கிள் ஓடத் தெரியும். மோட்டார் சைக்கிளில் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னுக்கு நின்றவர் அவர்தான். “எஞ்சின் எண்டால் எஞ்சின்தானே. கடலிலை ஓடினால் என்ன, தரையிலை ஓடினால் என்ன?” என்றார்.

முதலில் பார்த்த மோட்டார் சைக்கிள் பளபளவென்று இருந்தது. ஏறியிருந்தால் என் கால் நிலத்தில் முட்டவில்லை. யாகப்பு குனிந்து அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். புதுப் பெயின்ற் உரிந்து துரு கொட்டியது. “உப்புத் திண்ட இரும்பு. வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது, மண்கும்பானில் பாலசிங்கம் அண்ணையுடையது. தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் நோவால் இப்போது ஓடுவதில்லை. சின்னச் சிவப்புச் சைக்கிள், உயரமும் இல்லை. யாகப்பு அதை ஸ்ரார்ட் பண்ணச் சொல்லி, ஒரு திருப்புளியின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடினார். பூசையில்கூட அந்த மனிசன் அவ்வளவு பக்தியாக நின்று நான் பார்த்ததில்லை.

“என்ன சுகமான சத்தம்! இது இன்னும் பத்து வரியம் ஓடும்” என்றார்.

“எனக்கு ஓடுற சைக்கிள் வேண்டாம், நிக்கிற சைக்கிள்தான் வேணும்” என்றேன் நான். “பிறேக் எப்பிடி, அண்ணை?”

“அது நல்லாப் பிடிக்கும் தங்கச்சி. ஓடிப் பாருமன்” என்றார் பாலசிங்கம் அண்ணை.

அவருடைய வளவில் வாசல் படலையிலிருந்து கிணற்றடி வரை ஓடினேன். நேரே கிணறு. கட்டு இடுப்புக்குக்கூட வராது. அந்தோனியாரே என்று பிறேக்கை அமத்தினேன். சைக்கிள் அடம்பிடித்த மாடு மாதிரி அப்படியே நின்றது. அந்த இடத்திலேயே எனக்கு அதன்மேல் விருப்பம் வந்துவிட்டது. யாகப்புவுக்குச் சத்தம் பிடித்தது, எனக்கு நிற்பது பிடித்தது. சனிக்கிழமை காலை பாலசிங்கம் அண்ணையே அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார்.

அன்று மத்தியானம் யாகப்பு பூவரசுக்குக் கீழே இருந்து முன் சில்லு, பின் சில்லு இரண்டையும் கழற்றினார். தன் படகு எஞ்சினைப் போலவே ஒவ்வொரு சாமானாகத் துடைத்தார். “உப்புக் காத்து எதையும் விடாது. உள்ளை துரு பிடிக்கத் துவங்கியிட்டுது” என்றபடி கிறீஸ் டப்பாவைத் திறந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எனக்காக ஒரு மனிசன் வெயிலில் இருந்து மெனக்கெடுகிறாரே என்று நெஞ்சு நிறைந்துபோனது. அந்த மெனக்கேடே அடுத்த நாள் என்னைக் கொல்லப் பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிறு பூசை முடிந்ததும் பாலத்தில் ஒருக்கால் ஓடிப் பழகிவிடுவோம் என்று புறப்பட்டேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்று அவர் பின்னால் ஏறிக்கொண்டார். எங்கள் ஒழுங்கை மணல், அக்சிலேற்றரை விட்டாலே சைக்கிள் தானாக நிற்கும். பிறேக்குக்கு அங்கே வேலை இல்லை. பெரிய றோட்டில் ஏறினேன், பாலத்தில் ஏறினேன். சோளகக் காற்று ஒரு பக்கத்தால் தள்ளியது. கைபிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல் விறைத்துப்போனது. கடலைப் பார்க்காதே, றோட்டைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

முன்னால் போன மினிபஸ் திடீரென்று நின்றது. வீச்சுவலையும் மீன் பறியுமாக ஒருவர் அதில் ஏறிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் லொறி வருகிறது. இடப்பக்கம் கல், கல்லுக்கு அங்கால் கடல்.

பிறேக்கை அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கையாலும் அமத்தினேன், காலாலும் மிதித்தேன். வெண்ணெய்க்குள் மிதித்த மாதிரி கால் போனது, சைக்கிள் அதன்பாட்டுக்குப் போனது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதாவின் படம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“பிறேக் இல்லையப்பா!”

“றிவேஸ் போடும்! றிவேஸ் போடும்!” என்று கத்தினார் யாகப்பு. படகை அப்படித்தான் நிறுத்துவார்கள். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தினதில் அந்த மனிசனைக் கடலில் தள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

கை தானாக அக்சிலேற்றரை விட்டது. பழக்கின பெடியன் சொன்னது எங்கேயோ ஒரு மூலையில் கிடந்திருக்கிறது: எது விட்டாலும் கியர் விடாது, அக்கா. ஒரு கியர் குறைத்தேன். சைக்கிள் உறுமிக்கொண்டு முன்னால் குத்தியது. இன்னொன்று குறைத்தேன். இரண்டு காலையும் தாரில் ஊன்றினேன். ஒரு செருப்பு பிய்ந்து பறந்தது, குதிக்கால் எரிந்தது. முன் சில்லு பஸ்ஸின் பின்பக்கத்தில் ‘டொக்’ என்று முட்டி நின்றது. அவ்வளவுதான். பஸ் அதைக் கவனிக்கக்கூட இல்லை, புகையை எங்கள் முகத்தில் விட்டுவிட்டுப் போனது.

நான் இறங்கிக் கல்லில் இருந்துவிட்டேன். எரிகிற குதிக்காலைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“கிணத்தடியிலை நல்லாப் பிடிச்ச பிறேக் எங்கை போனது?” என்றேன்.

யாகப்பு பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு மெதுவாக, “சில்லுக்குள்ளை வளைஞ்ச கட்டை ரண்டு ரண்டு இருந்தது. காய்ஞ்சுபோய்க் கிடந்தது. தேயுமெண்டு அதுக்கும் கிறீஸ் பூசினனான்” என்றார்.

பிறேக் கட்டைக்குக் கிறீஸ்! சில்லைப் பிடிக்க வேண்டிய கட்டையை வழுக்கப் பண்ணியிருக்கிறார். வாழ்நாளில் பிறேக் உள்ள எதையுமே ஓட்டாத மனிசன். மிதிசைக்கிளையும் காலை ஊன்றித்தான் நிறுத்துவார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினோம். பாலம் முடிந்ததும், “இதை வித்துப்போடுவம். வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீர் வீட்டிலை இரும். எனக்குப் பயமாய் இருக்கு” என்றார்.

புயலுக்குள் போய் இரண்டு நாள் வராமல் இருந்து வந்தவர் அவர். அப்போதுகூடப் பயம் என்ற சொல் அந்த வாயில் வந்ததில்லை. அதைக் கேட்டு எனக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

“நீங்கள் கடலுக்குப் போகேக்கை எனக்குப் பயமில்லை எண்டு நினைச்சனீங்களோ? இருபத்திரண்டு வரியம், ஒவ்வொரு நாளும் படலையிலை நிண்டு செத்துச் செத்துப் பிழைச்சனான். போகவேண்டாம் எண்டு ஒருநாளாவது சொன்னனானோ? போறவரைப் பின்னாலை கூப்பிட்டால் கூடாதெண்டு வாயைக்கூடத் திறக்கேல்லை.”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சைக்கிளை உருட்டினார். வீட்டுக்குப் போகாமல் நேரே சந்திக் கராஜ்காரனின் வீட்டுக்கு உருட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்று அவன் முணுமுணுக்க, இவர் கையைப் பிடித்துக் கெஞ்சிப் புதுக் கட்டை போடுவித்தார். போட்டு முடியும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தார். இந்தத் தரம் எஞ்சினில் காது வைக்கவில்லை.

இரவெல்லாம் கண்ணை மூடினால் பஸ்ஸின் பின்பக்கம்தான் வந்தது. போகாமல் விடலாம் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். திங்கள் விடிய எழும்பி, ஹெல்மெற்றின் வாரைப் பூட்டப் போனால் பூட்ட வரவில்லை. யாகப்புதான் பூட்டிவிட்டார். இறுகியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

ஸ்ரார்ட் பண்ணி ஒழுங்கையால் மெல்லப் போனேன். கண்ணாடியில் பார்த்தேன். படலையில் நின்றவர் என் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தார், வாயை ஒரு கையால் பொத்தியபடி. என்னைப் பின்னால் கூப்பிட்டுவிடுவோமோ என்ற பயம் அவருக்கு.

பெரிய றோட்டில் ஏறி, கொஞ்சம் வேகம் பிடித்ததும் பிறேக்கை அமத்தினேன். எனக்காக இல்லை. பின்னால் சிவப்பு லைற் பற்றியது, சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றது. கண்ணாடியில் பார்த்தால், அவர் சந்தியிலேயே நிலத்தில் குந்திவிட்டார். தோள் இரண்டும் குலுங்கியது தெரிந்தது.

எனக்குப் பயம் போகவில்லை. கியரைப் போட்டுப் பாலத்தில் ஏற்றினேன்.