வீலான் போட்ட காலை

ஐந்து நிமிட வேலை என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்குச் சியாமும் அதைத்தான் சொன்னான்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் நான் எழுதுவினைஞர். வாசலில் நிற்பவர்கள் எல்லாம் சங்கத்து வைஃபையில் தொற்றிக்கொள்வதால், அவர்களை ஒரு பக்கமும் எங்கள் கணினிகளை மறுபக்கமுமாகப் பிரிக்கத்தான் முல்லைத்தீவிலிருந்து சியாமை வரவழைத்தோம். எல்லா வயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டிக்குள் சுவர் வைப்பது மாதிரியான வேலை. வீலான் போடுவது என்பான் அவன்.

"பதினொரு மணிக்குக் கிறேஸ் அக்காவுக்குக் கோல் வரும். அதுக்குப் பிறகு செய்யும் தம்பி" என்றேன்.

"அஞ்சு நிமிச வேலை அக்கா. இப்பவே முடிச்சிடுறன்."

கிறேஸ் அக்கா வெள்ளனவே வந்து கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய கணவர் அல்பேர்ட் எஞ்சின் பழுதாகி, படகோடு அள்ளுண்டுபோய் வேற்று நாட்டுச் சிறையில் இருக்கிறார். சங்கத்துக் கணினிக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுக்கச் சிறைக்காரர்கள் முதன்முதலாகச் சம்மதித்திருந்தார்கள். கடலுக்குப் போன அன்று சண்டை பிடித்துச் சோறும் கட்டிக் கொடுக்காமல் அனுப்பியவர் அக்கா. கோபம் ஆறிவிட்டது என்று அந்த மனிதரிடம் சொல்லவேண்டும், வேறு ஒன்றுமில்லை.

சியாம் ஒரு பிரிவின் எண்ணை மாற்றி அடித்துவிட்டான். இணைய வயர் ஒரு பிரிவிலும் கணினிகள் இன்னொரு பிரிவிலும் போய்விட்டன. சுவிட்சுக்குள் போய்த் திருத்தும் வழியோ ஒரு வயரும் இல்லாத மூன்றாவது பிரிவில் அகப்பட்டுக்கொண்டது.

"பயப்பிடாதேங்கோ அக்கா. கரண்டை நிப்பாட்டித் திரும்பப் போடுவம். சேவ் பண்ணாததெல்லாம் அழிஞ்சு பழையபடி வந்திடும்."

நிற்பாட்டிப் போட்டோம். அதே பிழை அப்படியே எழும்பி வந்தது. நினைத்த நேரம் கரண்ட் போகும் ஊர்களில் வேலை பழகியவன். ஒரு வரி மாற்றினாலும் கையோடு சேவ் பண்ணிவிடுவான். பிழையையும் அப்படித்தான் பத்திரப்படுத்தியிருந்தான். அவனுக்கு அது உறைத்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

என் போனில் டேட்டாவைத் திறந்தேன். சிக்னல் ஒரு கோடுகூட நிற்கவில்லை.

"தம்பி, வந்திட்டுதே?" என்றார் கிறேஸ் அக்கா. கையில் செபமாலை.

"யா அல்லாஹ்! சுவிட்சை விட்டிட்டு நேர ரவுட்டரிலை கொழுவியிருக்கலாமே!" என்று தலையில் அடித்துக்கொண்டான் சியாம். முதலிலேயே வந்திருக்கவேண்டிய புத்தி. வயர் எட்டவில்லை. கணினியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடி, ரவுட்டருக்குக் கீழே நிலத்தில் வைத்து வயரைக் கொழுவி இயக்கினான். அந்தக் கிழட்டுக் கணினி ஆறுதலாக, மெல்ல மெல்ல எழும்பியது. "அந்தோனியாரே, கெதியா, கெதியா" என்று கிறேஸ் அக்கா நிலத்திலேயே இருந்து திரையைத் தடவினார். நான் வாய்விட்டே அழுதுவிட்டேன்.

இணையம் வந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. கூடவே, எடுக்கப்படாத அழைப்பு ஒன்று என்ற அறிவிப்பும் வந்தது. திருப்பி எடுக்க முடியாத இலக்கம். இனி அவர்கள் எப்போது மனம் வைப்பார்களோ தெரியாது.

சியாம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். கிறேஸ் அக்கா அவனைத் திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு இன்னும் கோவம் ஆறேல்லை எண்டெல்லோ அந்த மனுசன் நினைச்சிருக்கும்."